ஒத்தைப்படைக்கு ஒன்று

செவ்வரளூருக்கு ரோடு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பக்கம் பெரிய குளம், அந்தப் பக்கம் ரயில் தண்டவாளத்து மேடு, இரண்டுக்கும் நடுவில் நாக்கை நீட்டினாற்போல ஊர், அந்த நாக்கின் நடுவில் ஓடுகிற கோடுபோலப் பெரிய ரோடு. பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, மார்க்கெட்டைத் தொட்டு, பள்ளிக்கூடத்தைத் தொட்டு, தபாலாபீசைத் தொட்டு, அரசு ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் அது மூச்சு விடும். வயிற்றுப் பிள்ளைக்காரியும் அந்த வழியாகத்தான் போகவேண்டும், மூச்சு நின்றவரும் அந்த வழியாகத்தான் வீடு வரவேண்டும், சுற்றிப் போகலாம் என்றால் குளத்தில் நீந்தத் தெரிந்திருக்கவேண்டும். அப்பேர்ப்பட்ட ரோட்டில் பதினைந்து வருஷமாகத் தார் வாசனை அடித்ததில்லை.

ஒரு ஆவணி மாதம், முக்கியச் சாலைகளைப் புதுப்பிக்க அரசாங்கம் மானியம் கொடுக்கிறது, வேண்டிய நகராட்சிகள் விண்ணப்பம் போடலாம் என்று சென்னையிலிருந்து ஒரு தாள் வந்தது. பள்ளங்களை அளக்க ஓவர்சீயர் தேவசகாயம் குடையும் பேனாவுமாகக் கிளம்பினார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து எழுந்தவள் சண்முகவடிவு.

வடிவு நகராட்சியின் சாலைப் பணியாளர். பள்ளத்தில் மண் அள்ளிப் போடுவதும், மழை வந்து அதை அள்ளிக்கொண்டு போவதும், மறுபடி அள்ளிப் போடுவதுமாக இருபது வருஷம் ஓட்டியிருந்தாள். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். பிரம்மசக்தி என்று ஒரே மகள், திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று மகள் போனில் சொன்னது அந்த வாரந்தான். அந்தச் சந்தோஷத்தில் வடிவு பள்ளத்துக்குள் குனிந்தாலும் சிரித்துக்கொண்டே குனிந்தாள்.

"ஒரு சாண் சார்" என்பாள். தேவசகாயம் இரண்டு என்று எழுதுவார். "முழம் சார்" என்பாள். அவர் இரண்டு முழம் போடுவார்.

"பொய்யின்னு நினைக்காத வடிவு. மேல உள்ளவங்க எதைக் கண்டாலும் பாதியை வெட்டுவாங்க. நாம நியாயத்தை எழுதினா நியாயத்துல பாதிதான் வந்து சேரும். அதனால ரெண்டு நியாயமா எழுதணும்."

அது அந்த ஆபீசில் அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

நூற்றுப் பதினாலு பள்ளம். எல்லாம் அளந்து முடித்து, தபாலாபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பும்போது ஒன்பதாவது கட்டத்தில் தேவசகாயத்தின் பேனா நின்றது. இச்சாலையில் ஏற்பட்ட விபத்து மரணங்கள் எத்தனை என்று கேட்டிருந்தது.

"எத்தனை பேரு வடிவு?"

"மூணு சார். பால்கார நயினார், நம்ம கிளார்க்கு சம்சாரம், அந்தப் பாலிடெக்னிக் பையன்."

"அப்ப ஆறு."

வடிவுக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. "ஆறுன்னா ரெட்டைப்படையா இருக்கே சார். நல்ல காரியத்துக்குப் போற தாளு. மொய்யில கூட நூறுன்னா ஒத்தை ரூவா சேத்து நூத்தியொண்ணாத்தான எழுதுதோம். ஒண்ணைச் சேத்துப் போடுங்க."

தேவசகாயம் சிரித்தார். "நீ வாய் முகூர்த்தமாச் சொல்லிட்ட" என்று ஏழு போட்டார்.

விண்ணப்பம் சென்னைக்குப் போய், அங்கே ஒரு மேசையில் முத்திரை விழுந்த மறுநாள் விடியலில் செவ்வரளூர்க்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தால், ரோட்டில் சாண் பள்ளமெல்லாம் இரண்டு சாணாகவும் முழப் பள்ளமெல்லாம் இரண்டு முழமாகவும் இறங்கியிருந்தன. யாரும் தோண்டிய அடையாளம் இல்லை, மண் குவியல் இல்லை, வடை நடுவில் விரல் விட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. வடிவு டேப்பை வைத்துப் பார்த்தாள். எழுதினதற்கு ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஊர் பெரிதாக அதிசயப்படவில்லை. ஊருக்கு வேலை இருந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பலகை போட்டுத் தாண்டிப் போயின, மார்க்கெட் பெண்கள் கூடையைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோனார்கள், பஸ் ஸ்டாண்டு டீக்கடை பாபநாசம் கிளாசைக் கழுவிக்கொண்டே, "ஆபீஸ் சொன்னபடி ரோடு கேக்குதே வே! ரோடு சொன்னபடிதான் ஆபீஸ் ஒரு நாளும் கேட்டதில்ல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மேலிடத்து ஆள் வந்து அளந்தாலும் இனிப் பொய் என்று சொல்ல முடியாது, மானியம் நிச்சயம் என்று சேர்மன் அருணாசலக்கனி லட்டு வாங்கிக் கொடுத்தார்.

அந்த லட்டு தொண்டையில் இறங்குவதற்குள் நகராட்சிக் கூட்டத்தில் விண்ணப்பத்தின் நகலை வாசித்தார்கள். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று பெருமையாக வாசித்துக்கொண்டே போன சேர்மன் ஒன்பதாவது கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி அதையே வாசித்தார். விபத்து மரணங்கள், ஏழு. ஒவ்வொரு மெம்பரும் மடியில் கையை வைத்து விரலை மடக்கினார். நயினார், கிளார்க்கு சம்சாரம், பாலிடெக்னிக் பையன். மூன்று விரல் மடங்கியது. நாலு விரல் நீட்டிக்கொண்டே நின்றது.

"ஏழுன்னு யாரு வே சொன்னது?"

வடிவு கதவோரம் நின்றிருந்தாள். தேவசகாயம் அவளைப் பார்க்காமலே எழுந்து, "எழுதினது நாந்தான் ஐயா" என்றார்.

அன்றையிலிருந்து ஊருக்குப் பயம் பிடித்தது. பயம் என்றால் அலறி ஓடுகிற பயம் இல்லை, வீட்டுக்குள் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொள்கிற பயம். ரோட்டின் நடுவில் யாரும் நடக்கவில்லை, கடைகளின் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நகர்ந்தார்கள், பெண் எடுக்க வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டிலேயே தட்டை மாற்றிக்கொண்டு திரும்பினார்கள், பள்ளிக்கூட மணி அடிக்கிறதுக்கு முன்னால் ஒவ்வொரு தாயும் பிள்ளையின் நெற்றியில் திருநீறோ சிலுவையோ ஓதின நீரோ எதுவோ ஒன்றைப் பூசி அனுப்பி, அது திரும்பி வருகிறவரைக்கும் உலை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பாபநாசம் டீக்கடைப் பலகையில் சாக்பீசால் பாக்கி நாலு என்று எழுதினான். யாரும் அழிக்கச் சொல்லவில்லை.

நாலாவதாகப் போனவர் முட்டைக்கார ராசையா. பதினைந்து வருஷமாக வளைந்து வளைந்து போன அதே பள்ளத்துக்குள், பட்டப்பகலில், வீட்டுப் படியில் இறங்குகிறதுபோல வண்டியோடு இறங்கினார். அவர் போய்விட்டார், வண்டியில் கட்டியிருந்த எட்டு அட்டை முட்டையில் ஒன்றுகூடக் கீறவில்லை. வடிவுதான் அதைப் பொறுக்கி எடுத்து வைத்தாள். அந்த முட்டையை யாரும் தின்னவில்லை. அடைவைத்த ஒருத்தி வீட்டிலும் பொரிக்கவில்லை.

ரோட்டுக்கு யார்மேலும் கோபம் இல்லை, அதையும் சொல்லவேண்டும். எழுதினதை அது செய்தது, அவ்வளவுதான்.

ஐந்தாவது ஆள் வெளியூர். அடுப்பு ரிப்பேர் பார்க்க வந்தவர், பேர்கூடப் பைக்குள் இருந்த சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவர் விழுந்த செய்தி கேட்டு ஊர் முதலில் மூச்சு விட்டது, பிறகு அந்த மூச்சுக்காக வெட்கப்பட்டது, வெட்கத்தில் அவருக்கு ஊர்ச்செலவில் பூப்பல்லக்கு கட்டி, மேளம் வைத்து, சொந்தக்காரருக்குச் செய்யாததையெல்லாம் செய்தது. ஆனால் ருசி கண்டுவிட்டது. மறுவாரமே பஸ் ஸ்டாண்டில் புதுமுகம் இறங்கி, "ரோடு எப்படிங்க, போகலாமா?" என்று கேட்டால், "ரோட்டுக்கென்ன, ஜோரா இருக்கு, நடுவுலயே போங்க" என்று சொல்கிறவர்கள் வந்துவிட்டார்கள். நல்லவர்கள்தான். பிள்ளைகுட்டிக்காரர்கள்தான். வடிவு பக்கத்தில் நின்று கேட்டாள். ஆனாலும் அவள் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் வளைகாப்பு முடிந்து பிரம்மசக்தி தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். வடிவின் வீடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம். ஆஸ்பத்திரி அந்தக் கோடியில். நடுவில் நூற்றுப் பதினாலு பள்ளம், பாக்கி இரண்டு.

"யம்மா, நீ ஏன் என் வயித்தையே பாத்துக்கிட்டு இருக்க?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லட்டி. தேதிக்குப் பத்து நாள் முன்னாலயே ஒன்னை ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். இந்த ரோட்டுப் பக்கமே நாம போவ வேண்டாம்."

தேவசகாயம் எண்ணை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சென்னைக்குப் போனார். நாலு நாள் கழித்து மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார். பஸ் ஸ்டாண்டைக் கூட்டிக்கொண்டிருந்த வடிவிடம் வந்து நின்றார். சட்டையெல்லாம் வேர்வை.

"மாத்த மாட்டாங்களாம் வடிவு. ஏழுக்குக் குறைஞ்சா நம்ம ஊரு பட்டியல்லயே வராதாம். ஏழு இருக்கப்போயித்தான் கிடைச்சிருக்காம். ஒண்ணு அதிகமாப் போட்டது யாருன்னும் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீக சார்?"

"கை தவறிட்டுன்னு சொன்னேன்."

குடையை விரித்துக்கொண்டு ஆபீசைப் பார்க்க நடந்தார். ஓரமாகத்தான் நடந்தார். மார்க்கெட் முக்கில் ஒரு கால் பள்ளத்துக்குள் இறங்கியது, தலை ஓரக்கல்லில் பட்டது. குடை மட்டும் கொஞ்ச தூரம் தனியாக உருண்டு போயிற்று. பாபநாசம் பலகையை அழித்துவிட்டுப் பாக்கி ஒன்று என்று எழுதினான்.

அந்த ஒன்று யாருடையது என்று இப்போது உலகத்தில் வடிவு ஒருத்திக்குத்தான் தெரியும். இரட்டிப்பு எழுதினது ஆபீஸ் வழக்கம், அது ஆறோடு தீர்ந்துபோயிற்று. மேலே நிற்கிற ஒன்று அழகுக்காக அவள் வாயால் கேட்டு வாங்கினது. சோற்றில் கை வைத்தால் அந்த ஒன்று, கண்ணை மூடினால் அந்த ஒன்று, மகள் இருமினால் அந்த ஒன்று.

மாசி பிறந்ததும் மானியம் சாங்ஷன் ஆகிவிட்டது என்று உத்தரவு வந்தது. ஒருத்தரும் வெடி போடவில்லை. காண்டிராக்டர் ரோடு ரோலரைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக் கோடியில் நிறுத்தினார், தார் டிரம் அடுக்கினார், வடக்கேயிருந்து ஆட்களை இறக்கினார். அந்த ஆட்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் டீக்கடைப் பலகையில் இருந்த ஒன்று தெரிந்தது. விசாரித்தார்கள். அது தீருகிறவரைக்கும் மண்வெட்டி எடுக்க மாட்டோம் என்று தார் டிரம் மேலேறி உட்கார்ந்துவிட்டார்கள். மார்ச்சு முப்பத்தொன்றுக்குள் வேலை ஆரம்பிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். ஆக, ஊர் இப்போது ஒரு சாவுக்காகக் காத்திருந்தது. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. டீக்கடையில் யாராவது இருமினால் பேச்சு நின்றுவிடும்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஆவுடையப்பன், எண்பத்தாறு வயசு, இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. "இந்த ரோட்டுலயே நடந்து தேஞ்ச காலு. என்னைக் கொண்டுபோய்ப் போடுங்கலே" என்று அவரே சொன்னார். மகன்கள் அழுதுகொண்டே கட்டிலோடு தூக்கிவந்து தபாலாபீஸ் எதிரில் நடுரோட்டில் போட்டார்கள். ஊர் தூரத்தில் நின்று கும்பிட்டது. பதினோரு நாள். காற்றும் வெயிலும் பட்டு அவருக்குப் பசி எடுத்தது, இட்லி கேட்டார், எழுந்து உட்கார்ந்தார், பன்னிரண்டாம் நாள் கட்டிலைத் தானே மடக்கி நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார். "என்னையெல்லாம் அது ஒரு ஆளா மதிக்கல வே" என்று அவருக்கு மனத்தாங்கல். கொடுக்கிறதை அது எடுக்காது, அதுவாகத்தான் எடுக்கும் என்று அன்றைக்கு ஊருக்குப் புரிந்தது. அப்புறந்தான் பார்வைகள் மாறின. தண்ணீர்க் குழாயடியில் பிரம்மசக்தி குடத்தை வைக்கக் குனிந்தால், பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தேதிக்குப் பத்தொன்பது நாள் இருக்கையில், காலை பத்து மணிக்கு, பிரம்மசக்தி அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பனிக்குடம் உடைந்திருந்தது.

ஜில்லா ஆஸ்பத்திரி முப்பது மைல், அதுவரைக்கும் தாங்காது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டால், வண்டி ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்கிறது, ஆனால் டிரைவர் அந்த ரோட்டில் இறங்க மாட்டேன் என்கிறார், நீங்களே கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். வடிவு ஆட்டோக்கார லூர்துவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சித்தி, எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு" என்றான் அவன், கண்ணைப் பார்க்காமல்.

"நான் முன்னால நடக்கேன் லூர்து. ஒவ்வொரு பள்ளமும் நான் கை விட்டு அளந்தது. என் கால் போற தடத்துலயே உன் சக்கரம் வரட்டும். எடுக்கணும்னா முதல்ல என்னைய எடுத்துக்கிடட்டும்."

பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி மகளைத் தாங்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். வடிவு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடுரோட்டில் இறங்கினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று பள்ளங்கள் அவளைக் கடந்து போயின. பன்னிரண்டுக்கு இடது பக்கம், பதின்மூன்றுக்கும் இடது, முப்பத்தொன்று ராசையாவுடையது, அதற்கு வலது ஓரம். ஆட்டோ பின்னால் முனகிக்கொண்டு வந்தது, மகளும் முனகிக்கொண்டு வந்தாள். ஊர் இரண்டு பக்கமும் கடைப்படிகளில் ஏறி நின்றது. தேர் பார்க்கிற கூட்டம் அத்தனையும் இருந்தது, தேர் பார்க்கிற சத்தம் இல்லை. பாபநாசம் வெந்நீர்க் கெண்டியைக் கையில் பிடித்தபடியே அடுப்பிலிருந்து வந்தவன், படி படியாகக் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து வந்தான். சேர்மன் போனைக் கையில் வைத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் இறங்கவில்லை, வடிவின் பாதத்தை எல்லாரும் பார்த்தார்கள், பிறகு ஆட்டோவைப் பார்த்தார்கள். இவளா, அவளா, அதுவா என்று அந்தப் பார்வை தாவித் தாவிப் போயிற்று.

எழுபத்துநாலாவது பள்ளத்தருகில், தபாலாபீஸ் எதிரில், "நிறுத்து லூர்து, தலை வந்துட்டு!" என்று செல்லக்கிளி கத்தினாள்.

ஆட்டோ நின்றது. வடிவு ஓடிவந்து உள்ளே குனிந்தபோது பிள்ளை செல்லக்கிளியின் கையில் இருந்தது. ஆண் பிள்ளை. நீலம் பாரித்திருந்தது. அழவில்லை. செல்லக்கிளி காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினாள். அழவில்லை. வாயைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள். அழவில்லை. "யம்மா, ஏன் சத்தத்தைக் காணோம்? யம்மா, ஏன் சத்தத்தைக் காணோம்?" என்று பிரம்மசக்தி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போது படிகளில் இருந்து ஒரு ஓசை வந்தது. சின்ன ஓசைதான். நாலு மாதமாகப் பிடித்துவைத்த மூச்சை ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து விடுகிற ஓசை.

"ஏழு" என்று பாபநாசம் மெல்லச் சொன்னான்.

சேர்மன் போனைக் காதில் வைத்து ஏதோ சொன்னார். அந்தக் கோடியில் ரோடு ரோலர் இருமி, குலுங்கி, ஓடத் தொடங்கியது. ஒருத்தி ஷட்டரைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். இன்னொருத்தி அழுதாள், அது துக்கமா நிம்மதியா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பிள்ளை அழுதது.

ஒரு தடவை கரகரத்து, நின்று, பிறகு வீறிட்டு அழுதது. தெருமுனைவரைக்கும் கேட்கிற அழுகை. வடிவு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். ஒரு பிள்ளை பிழைத்ததற்கு முகங்கள் மலர்ந்திருக்கவேண்டும். மலரவில்லை. விளக்கு அணைகிறதுபோல ஒவ்வொரு முகமாக இருண்டுகொண்டே போனதை அவள் கண்ணால் பார்த்தாள். அந்த இருட்டைப்போல ஒன்றை அவள் எந்தப் பள்ளத்திலும் கண்டதில்லை.

"ஏழுன்னு சொன்னது தேவசகாயம் சார் இல்ல" என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை. "ஆறோட நிறுத்தினாரு அவரு. ஒத்தைப்படையா இருக்கட்டும்னு ஒண்ணைச் சேக்கச் சொன்னவ நானு. உங்களுக்குச் சொல்லாம மறைச்சவளும் நானு. என்னைய என்ன செய்யணுமோ செய்யுங்க. ஆனா, இப்ப என் பேரனை ஏழுன்னு எண்ணினீகளே, அதை எந்த ஆபீஸுக்கு வே எழுதிக் கொடுத்தீக?"

கல்லெடுத்து எறிந்திருக்கலாம். முந்தின நாள் என்றால் எறிந்திருப்பார்கள். கண் திறக்காத ஒரு பிள்ளையைக் கணக்கில் கழித்த நாக்கு அந்த நேரத்தில் எல்லார் வாயிலும் இருந்ததால் யாருக்கும் கை எழவில்லை. ரோலரின் சத்தம் தானாக அடங்கியது.

பாபநாசம்தான் முதலில் படியை விட்டு இறங்கினான். நடுரோட்டில் அவன் கால் பட்டு எத்தனையோ மாதம். கெண்டி மூடி கடகடத்தது.

"மதினி... வெந்நி" என்று நீட்டினான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

செல்லக்கிளி வாங்கிக்கொண்டாள். அவன் பின்னால் ஒருத்தன் இறங்கினான், அவன் பின்னால் இரண்டு பெண்கள், பிறகு மொத்தமாக இறங்கினார்கள். ஆட்டோவைக் குலுக்கக் கூடாது என்று பத்துப் பேர் அடியில் கை கொடுத்து, தாயும் பிள்ளையுமாக அதைத் தூக்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாற்பது பள்ளம் இருந்தது. பாக்கி ஒன்றும் அப்படியே இருந்தது.

வடிவு முன்னால் நடந்து, இடது என்றாள், வலது என்றாள். பின்னால் ஊர் நகர்ந்து வந்தது. ஒருத்தர் கையை ஒருத்தர் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். விழாமல் நிறுத்துவதற்கா, தன்னை விட்டு அடுத்தவரைத் தள்ளிவிடுவதற்கா என்று பிடித்தவர்களுக்கே தெரியாத பிடி அது. தொண்ணூறாவது பள்ளத்தைத் தாண்டும்போது வடிவின் கையையும் பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள். அவள் திரும்பி யாரென்று பார்க்கவில்லை.